துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அதிலிருந்து வரும் கதிர் மூளையைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அதை நம்பி மணிக்கட்டை நீட்டியவர்கள் உண்டு. உண்மையில், அந்தக் கருவி வெப்பம் அளப்பதற்காக நம்மேல் எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை. நம் தோலிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, வாங்கி அளக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் நடந்து வந்தவருக்கு அது சூடு அதிகமாகக் காட்டியதும் இதனால்தான். வெயிலில் காய்ந்த தோல் அந்தக் கதிரைக் கூடுதலாக வீசும்.

மனிதன் என்றில்லை, ஐஸ்கட்டிகூட அகச்சிவப்பை வீசிக்கொண்டுதான் இருக்கிறது, சூடான பொருளைவிடக் குறைவாக. நம் கண்ணுக்கு எட்டும் ஒளி ஏறத்தாழ 0.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடும். நம் உடம்பு அதிகமாக வீசுவதோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டி. கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இதை முதலில் பிடித்தவர் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டு, இங்கிலாந்தில். சூரிய ஒளியைப் பட்டகம் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அதன் குமிழில் கறுப்பு மை பூசியிருந்தார், வெப்பத்தை நன்றாக வாங்கட்டும் என்று. ஊதாவைவிடச் சிவப்பில் பாதரசம் கூடுதலாக ஏறியது. சரி, சிவப்புக்கும் அப்பால்? வெளிச்சமே விழாத அந்த இடத்தில் இன்னும் ஏறியது!

கதிர்வீச்சு என்றாலே அணு உலையும் எக்ஸ்ரேயும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும் வலிமை உள்ளது. அகச்சிவப்புக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வலிமைகூடக் கிடையாது. மூலக்கூறுகளை அதிரவைத்துச் சூடாக்கும். அந்தச் சூட்டை அலட்சியம் செய்யவும் முடியாது: கண்ணாடி உருக்கும் உலை முன்னால் பல வருடம் நின்றவர்களுக்குக் கண்புரை வந்திருக்கிறது.

அகச்சிவப்பைப் பார்க்க ஆசையா? டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி, ஒரு பொத்தானை அழுத்துங்கள். பல கைப்பேசிகளில் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கல் திரையில் தெரியும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது. அங்கே அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.