பதினேழு வயதில் கொடுத்த வாக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், 'உங்கள் கல்லூரிக்கே வருகிறேன்' என்று சொன்ன பள்ளி மாணவன் பிறகு மனம் மாறுவதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அட்லாண்டாவின் புறநகர் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைகள் சிலரை அருகிலிருந்து பார்த்ததால்தான் இதைப் பேசத் துணிந்தேன். நான் கால்பந்து என்று சொல்வது, தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, இருமுனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.

2021 டிசம்பர் 15 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் சுவானி நகரிலுள்ள காலின்ஸ் ஹில் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் டிராவிஸ் ஹண்டர் தாம் சேரவிருக்கும் கல்லூரியை அறிவித்தார். நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர் என்று மதிக்கப்பட்டவர் அவர். 2020 மார்ச் மாதத்திலேயே புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்து, இருபது மாதங்களுக்கும் மேலாக அந்தக் கல்லூரியின் எதிர்காலமாகக் கொண்டாடப்பட்டவர். இப்படிப்பட்ட நாளில் கல்லூரிகளின் சின்னம் பொறித்த தொப்பிகளில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஹண்டர் மற்றத் தொப்பிகளை ஒதுக்கிவிட்டு, மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஸ்டேட்டின் தொப்பியை அணிந்துகொண்டார். கறுப்பின மக்களின் கல்விக்காக 1877இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி ஆடுவதோ இரண்டாம் நிலைப் பிரிவில். அவரை அழைத்துக்கொண்ட பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ், புளோரிடா ஸ்டேட்டிலேயே ஆடிப் புகழ்பெற்றவர் என்பது அந்தக் கல்லூரியின் ரசிகர்களுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலாயிற்று.

அன்று அந்த இளைஞரை நோக்கி வந்த சொற்களில் என்னை வருத்தியது, 'வாக்குத் தவறியவன்' என்ற சொல். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு பெண்ணை வேண்டாம் என்று சொன்னவனைப் பேசுவதைப் போல, வளர்ந்தவர்கள் ஒரு பள்ளி மாணவனைப் பேசினார்கள். வாக்கு என்பது எவ்வளவு பெரிய சொல் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அதை யார் மீது, எந்த நிலையில் சுமத்துகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வாய்மொழியாகச் சொல்லும் இந்த ஒப்புதல் மாணவனையும் கட்டாது, கல்லூரியையும் கட்டாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பயிற்சியாளர், 'உனக்கு உதவித்தொகையுடன் இடம் உண்டு' என்று சொல்லலாம். ஆனால் பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்கும் ஆகஸ்ட் 1க்கு முன் அதை எழுத்தில் தர விதி இடம் தராது. உண்மையான பிணைப்பு கையொப்பத்தில்தான் இருக்கிறது. 2017 முதல் டிசம்பரிலேயே அதற்கான நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. 1964இல் தொடங்கிய தேசிய ஒப்புதல் கடிதம் என்ற ஆவணமும் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டு, உதவித்தொகை ஒப்பந்தமே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆக, கையொப்பத்துக்கு முன் விலகும் மாணவன் எந்த ஒப்பந்தத்தையும் முறிப்பதில்லை.

கல்லூரிகளும் இதே சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன, ஆனால் ஓசையில்லாமல். பல ஆண்டுகளாக ஒரு கல்லூரிக் கால்பந்து அணிக்கு 85 உதவித்தொகை இடங்களே இருந்தன; இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு பிள்ளைகளிடம் 'இடம் உண்டு' என்று சொல்லி வைப்பார்கள். தங்களுக்குப் பிடித்த வேறொருவன் கிடைத்துவிட்டால், முன்னவனுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையும், பிறகு நின்றுபோகும். அவன் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பான், பாட்டி தேவாலயத்தில் அறிவித்திருப்பார். அந்தப் பின்வாங்கலை யாரும் வாக்குத் தவறுதல் என்று எழுதுவதில்லை. அதற்குச் செய்தி மதிப்பே இல்லை.

பயிற்சியாளர்களையும் பாருங்கள். 2021 நவம்பர் 28 அன்று லிங்கன் ரைலி ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டுத் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. ஒக்லஹோமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்த கலிபோர்னியா மாணவர் மலக்காய் நெல்சன் அன்றைக்கே அதிலிருந்து விலகி, இரண்டொரு நாளில் ரைலியின் புதிய கல்லூரிக்கு ஒப்புதல் சொன்னார். பிள்ளை நம்பியது கட்டடத்தையா, தன் வீட்டுக்கு வந்து தாயின் எதிரில் அமர்ந்து பேசிய மனிதரையா? ஹண்டர் நம்பி வந்த சாண்டர்ஸும் ஓராண்டு நிறையும் முன்பே, 2022 டிசம்பரில், கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஹண்டரும் அவர் பின்னால் போனார். தாக்குதலிலும் தடுப்பிலும் ஓய்வின்றி ஆடி 2024இல், கல்லூரிக் கால்பந்தின் மிக உயரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அவர் வென்றுவிட்டதால் அன்று எடுத்த முடிவு சரி என்று நான் வாதிடவில்லை. காயம்பட்டு ஆட்டமே முடிந்திருந்தாலும், அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலை 1 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு விலகும் ஒவ்வொருவனையும் பணத்துக்கு விலைபோனவன் என்று சொல்வது எளிதாகிவிட்டது. ஜேடன் ரஷாடா என்ற பள்ளி ஆட்டக்காரரின் கதை அந்த எளிமையைக் கெடுக்கிறது. மயாமி பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த அவர், 2022 நவம்பரில் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு (இது புளோரிடா ஸ்டேட் அல்ல, வேறு கல்லூரி) மாறினார். டிசம்பரில் கையொப்பமும் இட்டார். 1 கோடியே 38 லட்சம் டாலருக்கும் மேலான தொகை பேசப்பட்டது, ஆனால் அந்த ஏற்பாடு முறிந்தது. 2023 ஜனவரியில் விடுவிக்கப்பட்டு அரிசோனா ஸ்டேட்டில் சேர்ந்தார். தமக்குக் கொடுத்த வாக்குறுதிகள் பொய்த்தன என்று 2024இல் வழக்கும் தொடுத்தார். வழக்கில் சொல்லப்பட்டவற்றின் உண்மையை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த வயதில் ஒருவனுக்கு முன்னால் எத்தனை பெரியவர்கள் எத்தனை கணக்குகளோடு அமர்ந்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், பேராசை என்ற சொல்லை அவன் பக்கம் மட்டும் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் மாணவனுக்குக் கடமையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று உண்டு. தன்னைத் தேடி வந்தவரிடம் தானே முதலில் சொல்வது. ஊடகத்தில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அவர் நிரப்ப வேண்டிய இடம் ஒன்று காலியாகிறது, அதற்காகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளையும் எங்கோ இருக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இயற்கணிதம் படித்த ஒரு மாணவன், மாலை வகுப்பு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், மேசைக்கு அடியில் கால்கள் அடங்காது. விலகுகிறேன் என்ற அறிவிப்பை வாசகம் வாசகமாக எழுதி முடித்திருந்தான். நன்றி சொல்லியிருந்தான், இறைவனை வேண்டியிருந்தான், பயிற்சியாளரை மட்டும் அழைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் எங்கள் அம்மாவின் சமையலைச் சாப்பிட்டவர், டீச்சர்" என்றான். கைப்பேசியை மேசையில் குப்புற வைத்திருந்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். நான் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினேன், அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால், எதிர்முனையில் மணி அடிக்கும் ஓசை கேட்டது. 'சார்' என்று இரண்டு முறை சொன்னான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும், அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "தேர்வை ஒழுங்காக எழுதச் சொன்னார்" என்று அவனே சொல்லி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வணக்கம்.