20,000 பேருக்கு நடுவில் எட்டுப் பேர்

(சாரணர் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சாரண இயக்கத்தின் பெருமைகளைப் பேசட்டுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார். பிள்ளையை ஒரு வாரம் வெளியூர் அனுப்ப அம்மாமார் யோசிக்கிறார்கள். அதற்கு ஏதாவது சொல்லுங்கள்" என்றார். சரி, ஒரே ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவனுடைய அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் பார்க்காமல் பேச முயல்கிறேன்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா பெருந்திரளணி நடந்தது. பெருந்திரளணி என்றால் வேறொன்றுமில்லை, ஜம்போரி; பல ஊர்ச் சாரணர்கள் ஒன்றுகூடித் தங்கும் பெரிய பாசறை. இந்தியா முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 20,000 பேர் வந்திருந்தார்கள். எங்கள் சாரணர் படையிலிருந்து ஓர் அணியை, அதாவது எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவை, கூட்டிப்போனேன். அதில் இந்தப் பையனும் ஒருவன். ஒன்பதாம் வகுப்பு. அதுவரை ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டு வெளியே படுத்ததில்லை. பாட்டி வீட்டுக்குப் போனால்கூட அம்மாவும் கூட வருவார்.

புறப்படும் அன்று அவனுடைய பையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. திறந்தால் போர்வை இரண்டு, ஊறுகாய், அதிரசம், பவர் பேங்க், அதற்கும் அடியில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு. மணப்பாறைக்கே முறுக்குக் கட்டிக்கொண்டு போன குடும்பம் தமிழ்நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். (சிரிப்பு) அந்த முறுக்கு முதல் நாள் சாயங்காலமே தீர்ந்துவிட்டது, அது வேறு விஷயம்.

சிப்காட் என்றால் பெரிய பொட்டல். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரியில் தை மாதக் குளிர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கூடாரம், கூடாரம், கூடாரம். எல்லாம் ஒரே மாதிரி. இறங்கியதும் பையன் கேட்ட முதல் கேள்வி, "சார், கழிப்பறை எங்கே?" இரண்டாவது கேள்வி, "சார், சார்ஜ் எங்கே போடுவது?" நியாயமான கேள்விகள். கொடி, பேண்டு வாத்தியம், மேடை இதையெல்லாம் அவன் பார்க்கவே இல்லை. ஒரு பாசறையைப் பற்றி முதலில் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று அப்புறம் வருகிறேன்.

முதல் நாள் ராத்திரி. விளக்கணைத்து எல்லோரும் படுத்தாயிற்று. இவனுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது, முறுக்கின் உபயமாக இருக்கலாம். பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்ப வெட்கம். தனியாக யாரும் போகக்கூடாது, இருவராகத்தான் போக வேண்டும் என்பது விதி. ஆனால் பதினான்கு வயதில் "கூட வாடா" என்று கேட்பது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா? போனில் இருந்த டார்ச்சைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். போகிற வழி சுலபம், கழிப்பறைப் பக்கம் வெளிச்சம் இருந்தது. திரும்பி வரும்போது போன் செத்துவிட்டது. பகல் முழுக்கப் படம் எடுத்தால் சார்ஜ் எங்கே நிற்கும்? பவர் பேங்க் பத்திரமாகப் பைக்குள் இருக்கிறது.

வரிசை தப்பியது. ஒரு கூடாரத்துக்குள் தலையை நீட்டியிருக்கிறான், உள்ளே யாரோ இந்தியில் அதட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில் நீட்டினால் குறட்டை. அழவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு பழைய செய்தி சொல்ல வேண்டும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சின்னத் தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தன் முதல் பாசறையை நடத்தினார். வந்தவர்கள் சுமார் 20 பையன்கள்தான். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள், உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த 20 பேரையும் அவர் ஒரே கூட்டமாக வைக்கவில்லை, நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓர் அணி ஓநாய், ஒன்று காளை, ஒன்று அண்டங்காக்கை, இன்னொன்று ஒரு கடற்கரைப் பறவை. ஒவ்வோர் அணிக்கும் பையன்களிலேயே ஒருவன் தலைவன். இன்றைக்கும் நம்முடைய அணியில் ஆறிலிருந்து எட்டுப் பேர். அணிக்கு ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயர், அதற்கென்று ஒரு கூவல். வகுப்பறையில் கூவச் சொன்னால் பிள்ளைகள் நெளிவார்கள். எனக்கே உள்ளூரக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும், முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தும்.

எங்கள் அணி மயில் அணி. அணித்தலைவன் பத்தாம் வகுப்பு. அவன் எதற்கோ விழித்துப் பார்த்திருக்கிறான், எட்டில் ஒன்று குறைகிறது. என்னை எழுப்பியிருக்க வேண்டும், அதுதான் முறை. தலைவனோ வெளியே வந்து, கையைக் குவித்து, மயில் மாதிரி அகவிவிட்டான். நடு ராத்திரியில்! மயில் அணி இல்லாத படை ஏது? அங்கே இங்கே இரண்டு மூன்று மயில் பதிலுக்கு அகவியது. நாலு பக்கமும் மயில் கத்தினால் வழி தவறியவன் எங்கே போவான்?

ஆனால் எங்கள் தலைவனுக்கு மகரக்கட்டு உடைகிற வயசு. அவன் மயில் பாதி வரைக்கும் மயிலாக இருக்கும், அப்புறம் தவளையாகிவிடும். பயிற்சியில் அதைச் சொல்லித்தான் எல்லோரும் அவனைக் கேலி செய்வார்கள், அதிகம் கேலி செய்தவன் இவன்தான். அந்தத் தவளை மயிலைப் பிடித்துக்கொண்டு இவன் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பகுதிப் பொறுப்பாளர் மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நானும் அணித்தலைவனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன், பாதி மனசோடு.

அன்றைக்கு விடிந்ததும் முதல் வேலையாக, ஆளுயரக் கம்பு ஒன்றில் சிவப்பு வாளியைக் கவிழ்த்து மாட்டிக் கூடாரத்துக்கு முன்னால் நட்டார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தது. அந்த வாளியை அடையாளமாக வைத்துப் பக்கத்து மாவட்டக்காரர்களும் வழி கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது அந்தக் கழிப்பறைக் கேள்விக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் உலக ஜம்போரி நடந்தது. கடலை மறித்து உண்டாக்கிய நிலம். மரம் கிடையாது, நிழல் கிடையாது, மழை பெய்தால் தண்ணீர் வடியாது. அங்கே 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 43,000 பேர், பெரும்பாலும் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள். வெயில் 35 டிகிரியைத் தாண்டியது. தொடக்க விழா அன்றே நூற்றுக்கும் மேற்பட்டோர் வெக்கையில் சுருண்டு விழுந்து சிகிச்சைக்குப் போனார்கள். பூச்சிக்கடி, அசுத்தமான கழிப்பறை, சாப்பாட்டுக் குறை. பிரிட்டனிலிருந்து வந்த சுமார் 4,500 பேர் பாசறையை விட்டு சியோல் ஓட்டல்களுக்குப் போனார்கள், அமெரிக்கர்கள் அங்குள்ள தங்கள் ராணுவ முகாமுக்குப் போனார்கள். அப்புறம் கானூன் என்ற புயல் வருகிறது என்று ஆகஸ்ட் 8-ம் தேதி மிச்சமிருந்த எல்லோரையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏற்றிக் காலி செய்தார்கள். பணக்கார நாடு, வருஷக்கணக்கில் திட்டம் போட்டது. வீழ்த்தியது நிழலும் வடிகாலும் கக்கூசும். அதனால்தான் பாசறைக்கு இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று கேட்கிற பிள்ளையை நான் மெச்சுகிறேன். நீங்களும் எங்களிடம் தயங்காமல் அதைக் கேளுங்கள்.

மணப்பாறையில் அணிவகுப்பு, ஆட்டம்பாட்டம், சாகசப் பயிற்சி எல்லாம் இருந்தன, படங்களில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பாசறை வாசலுக்கு மூங்கிலில் ஒரு வளைவு கட்டினோம். இரண்டு மூங்கில் குறுக்கே சேரும் இடத்தில் போடுவது சதுரக் கட்டு. ஒரு மூங்கிலில் முடிச்சிட்டு ஆரம்பித்து, இரண்டையும் சேர்த்து மூன்று சுற்று வர வேண்டும். அதோடு முடியாது. இரண்டு மூங்கிலுக்கும் இடையில் புகுந்து, ஏற்கெனவே சுற்றிய கயிற்றையே நெரிக்கிற மாதிரி இன்னும் இரண்டு மூன்று சுற்று இறுக்க வேண்டும். பிடிப்பு முழுக்க அந்தக் குறுக்குச் சுற்றில்தான். நம் பையன் அதை விட்டுவிட்டான். பார்க்க அழகாக இருந்தது, தொட்டால் ஆடியது.

பக்கத்து வாசலில் வேலை செய்துகொண்டிருந்த வேறு மாநிலப் பையன் ஒருவன் வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இவன் கட்டை அவிழ்த்தான். திரும்பச் சுற்றினான். குறுக்குச் சுற்று வந்ததும் கயிற்றின் ஒரு முனையை இவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மூங்கிலில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். இவனும் இழுத்தான். கயிறு கிரீச்சென்றது. இருவர் உள்ளங்கையும் சிவந்துவிட்டது. அவன் மூங்கிலை ஒரு உதை உதைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். "எந்த ஊர்ப் பையன்டா?" என்று கேட்டேன். "ஒடிசாவோ ஜார்கண்டோ, கவனிக்கல சார்" என்றான். கடைசி நாளில் பார்த்தால் இவன் கழுத்தில் வேறு நிறத்தில் ஸ்கார்ப். நம் படை ஸ்கார்ப் எங்கே என்றால் தலையைச் சொறிகிறான். அந்த ஸ்கார்ப்புக்கான காசை அவனுடைய அப்பா இன்னும் கொடுக்கவில்லை. (சிரிப்பு)

பெற்றோர்களே, நீங்கள் பயப்படுவது 20,000 என்ற எண்ணைப் பார்த்து. பிள்ளை போவது அந்த 20,000 பேரோடு இல்லை, எட்டுப் பேரோடு. அந்த எட்டுப் பேரில் ஒருத்தர் குறைந்தால் நடு ராத்திரியில் எழுந்து எண்ணிப் பார்க்கிற அணித்தலைவன் இருக்கிறானா என்பதைப் பாருங்கள். இல்லையென்றால் அனுப்பாதீர்கள், நானே சொல்கிறேன்.

சம்மதப் படிவம் அந்த மேசையில் இருக்கிறது. பிள்ளைக்கு மருந்து ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பையை அவர்களே தூக்கி நூறு அடி நடந்து காட்ட வேண்டும். தனியாக ஒரு டார்ச்சும் இரண்டு ஜோடி பேட்டரியும் கொடுத்தனுப்புங்கள். போனில் இருக்கும் டார்ச் கணக்கில் வராது.