சாட்ஸ்வொர்த் மாளிகையை வரி எப்படித் தின்னுச்சு, எப்படி மிச்சம் வெச்சுது

வணக்கம் மக்களே. இங்கிலாந்துல டெர்பிஷயர்ல இருக்கிற சாட்ஸ்வொர்த் மாளிகைன்னு தேடினீங்கன்னா தங்கமுலாம் பூசின ஜன்னல், ஃபவுண்டன், ஓவியக் கூடம்னு வரிசையா வீடியோ வரும். அதெல்லாம் அழகுதான். ஆனா அந்த வீடு இன்னைக்கு ஏன் நிக்குதுன்னு புரியணும்னா கணக்குப் புத்தகத்தைத் திறக்கணும்.

ஆரம்பத்தைச் சீக்கிரமா சொல்லிடறேன். 1549-ல வில்லியம் காவெண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் 600 பவுண்டுக்கு இந்த எஸ்டேட்டை வாங்கினாங்க. 1694-ல குடும்பத்துக்கு டெவன்ஷயர் டியூக் பட்டம் கிடைச்சுது. முதல் டியூக் 1687-ல தெற்குப் பக்கத்தை மட்டும் மாத்தலாம்னு கை வெச்சாரு; ஒவ்வொரு பக்கமா இடிச்சுக் கட்டி, அவர் செத்த 1707 வரைக்கும் வேலை ஓடுச்சு. வீடு கட்டினவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

ஆறாவது டியூக்தான் பெரிய செலவாளி. தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன வெச்சு 1836-ல இருந்து 1840 வரைக்கும் செடி வளர்க்க ஒரு கண்ணாடி மாளிகை கட்டினாரு. நீளம் 277 அடி, அகலம் 123 அடி. உள்ள சூடு குறையாம இருக்க எட்டு பாய்லர். நிலக்கரி போறது வெளியில தெரியக்கூடாதுன்னு சுரங்கப் பாதை வேற. முதல் உலகப் போர்ல நிலக்கரி கிடைக்கல, செடியெல்லாம் செத்துப்போச்சு. 1920-ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க.

நடுவுல ஒண்ணு: இதே பாக்ஸ்டன் அதுக்கு முன்னாடியே இன்னொரு கண்ணாடி வீட்டுல வளர்த்த வாழைக்குத்தான் குடும்பப் பேரை வெச்சு காவெண்டிஷ்னு பேரு. நம்ம ஊர் பழக்கடைல தொங்கற ரோபஸ்டாவும் அந்த இனம்தான்.

சரி, வரிக்கு வருவோம். 1894-ல பிரிட்டன்ல எஸ்டேட் டியூட்டி வந்துது. ஒருத்தர் இறந்தா, அவர் விட்டுட்டுப் போற மொத்தச் சொத்துக்கும் வரி. ஏழாவது டியூக் 1891-லயே போயிட்டாரு, அதனால குடும்பம் தப்பிச்சுது. 1908-ல எட்டாவது டியூக் இறந்தப்பதான் முதல் அடி: 5 லட்சம் பவுண்டுக்கு மேல. பழைய கடனும் சேர்ந்து நின்னுச்சு. 1914-ல அரிய பழைய புத்தகங்களை புத்தகம் சேர்க்கிற அமெரிக்கப் பணக்காரர் ஹன்டிங்டனுக்கு வித்தாங்க. 1920-ல லண்டன் பிக்காடில்லில குடும்பத்துக்கு இருந்த டெவன்ஷயர் ஹவுஸ்ங்கிற மாளிகையும் போச்சு.

இவங்ககிட்ட நிலமும் படமும் மலையளவு இருக்கும், கையில ரொக்கம் இருக்காது. வரியை ரொக்கமாக் கேட்டா எதையாவது வித்தே ஆகணும். சிக்கலே அங்கதான்.

பத்தாவது டியூக் உஷாரானவர். 1946-ல சொத்துல பெரும்பகுதியை மகன் பேருக்கு மாத்தி எழுதிட்டாரு. மூத்த மகன் வில்லியம் 1944-ல பெல்ஜியம் போர்முனைல இறந்துட்டதால ரெண்டாவது மகன் ஆண்ட்ரூதான் வாரிசு. ஆனா அந்தச் சட்டத்துல ஒரு நிபந்தனை: எழுதிக் கொடுத்தவர் அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் உயிரோட இருக்கணும். இல்லேன்னா கொடுத்ததே செல்லாத மாதிரிதான், வரி முழுசா விழும். 1950 நவம்பர் 26-ந்தேதி விறகு வெட்டிட்டிருக்கும்போது மாரடைப்புல போயிட்டாரு. கெடு முடிய வாரக் கணக்குலதான் பாக்கி இருந்துது. வரி விகிதம் 80 சதவீதம். நம்ம நாட்டுலயும் 1953-ல இருந்து 1985 வரைக்கும் எஸ்டேட் டியூட்டி இருந்துது, உச்ச விகிதம் 85.

வீடு அப்போ இருந்த நிலையையும் சொல்லணும். போர்க் காலத்துல ராணுவம் வந்து உக்காந்துடக்கூடாதுன்னு பென்ரோஸ் பெண்கள் பள்ளிக்கு விட்டிருந்தாங்க. பெரிய பெரிய அறையெல்லாம் ஹாஸ்டலா மாறிப்போச்சு. ராத்திரி அத்தனை பிள்ளைங்க விட்ட மூச்சு, சூடு இல்லாத அந்த அறைகள்ல ஈரமா படிஞ்சு, சில ஓவியங்களுக்குப் பின்னாடி பூஞ்சை பிடிச்சுடுச்சு. பழைய கட்டடத்துல ஈரம் மழைலதான் வரும்னு நினைச்சுடாதீங்க.

ஆண்ட்ரூ என்ன பண்ணாரு? பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை வித்தாரு. சில ஓவியங்களை வரிக்குப் பதிலா அரசாங்கத்துக்கே கொடுத்தாரு. பெஸ் கட்டின ஹார்ட்விக் ஹால்ங்கிற இன்னொரு மாளிகையும் அதே வழில போய் 1959-ல, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்போட கைக்கு வந்துது. வரித்துறையோட பேச்சுவார்த்தை 17 வருஷம் இழுத்துது. அதுவரைக்கும் வட்டி தனியா ஓடிக்கிட்டே இருந்துது.

என் பார்வைல அவரோட உண்மையான சாமர்த்தியம் 1981-ல செஞ்சதுதான். சாட்ஸ்வொர்த் ஹவுஸ் டிரஸ்ட்னு ஒரு அறக்கட்டளை. வீடும் தோட்டமும் 99 வருஷக் குத்தகைக்கு அதுக்குப் போச்சு. பூசன் வரைஞ்ச ஓவியம் ஒண்ணு உட்பட சில பொருள்களை வித்து மூலதனம் போட்டாங்க. டிக்கெட் காசு அறக்கட்டளைக்கு, பராமரிப்பும் அதோட பொறுப்பு. டியூக் குடும்பம் தாங்க குடியிருக்கிற அறைகளுக்குச் சந்தை விலைல வாடகை கட்டுது. ஒரு டியூக் இறந்தா வீட்டோட கூரையைப் பாக்கிற காசு நின்னுபோகாது, பாத்தீங்களா.

போகப் போறவங்களுக்கு: சாட்ஸ்வொர்த் டிக்கெட்ல ஹார்ட்விக் சேராது, அது தனி. வரிக்குப் போன படங்கள்ல மெம்லிங்கோட மூணு பலகை ஓவியம் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு. ஹோல்பைன், சுவரோவியத்துக்கு முன்மாதிரியா வரைஞ்ச எட்டாம் ஹென்றி ராஜாவோட பெரிய படம் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குப் போச்சு. ரெண்டு இடத்துலயும் நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது.