1.7 விநாடியில் என்ன நடந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

13 கோடி ஒளியாண்டுத் தொலைவில், என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கருக்கள்) ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதிக்கொண்டன. அந்தச் சேதி பூமிக்கு வந்து சேர்ந்த நாள் 2017 ஆகஸ்ட் 17. அமெரிக்காவின் லைகோ கருவிகளில் சுமார் 100 விநாடிகள் ஈர்ப்பு அலை, அதாவது வெளியையே நெளியவைக்கும் அலை, பதிவானது. அதிர்வெண் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. 1.7 விநாடி கழித்து, ஃபெர்மி செயற்கைக்கோளில் காமா கதிர் வெடிப்பு தென்பட்டது. காமா கதிரும் ஒளியின் ஒரு வகைதான்.

13 கோடி ஆண்டுகள் பயணித்தும் இடைவெளி 1.7 விநாடிதான். ஈர்ப்பு அலையும் ஒளியும் ஒரே வேகத்தில்தான் போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அதைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். சரி, அந்த 1.7 விநாடியில் அங்கே என்ன நடந்தது? எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

மோதும் இடத்தில் பொருள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கிறது. அதனோடு ஒட்டியிருக்கும் காந்தப்புலக் கோடுகள் இழுபட்டு, முறுக்கேறி, வலுக்கின்றன. கணினிக் கணக்கீடுகளில் இது ஆயிரம் லட்சம் கோடி காஸையும் தாண்டுகிறது. காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. பூமியின் காந்தப்புலம் அரை காஸ்தான்! காமா கதிருக்குக் காரணமான குறுகிய பீச்சலை, அதாவது மெல்லிய தாரையாகச் சீறிப் பாயும் பொருளை, இந்தப் புலமே கிளப்பியிருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் ஈர்ப்பு அலை நிறையையும் தொலைவையும்தான் சொல்லும். காந்தப்புலத்தின் தடம் அதில் அநேகமாக இருக்காது.

காந்தப்புலத்துக்குச் சாட்சி ஒளிதான். ரேடியோ அலையும் ஒளியின் ஒரு வகைதான். ஒரே தளத்தில் அதிரும் ரேடியோ அலை, காந்தப்புலமுள்ள பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற துகள்களாலான வாயு) வழியே வந்தால் அந்தத் தளம் திரும்பிவிடும். அலைநீளம் கூடக்கூடத் திருப்பமும் கூடும். 1845-ல் ஃபாரடே கண்ணாடியில் கண்ட விளைவுதான் இது. பால்வெளியின் காந்தப்புலம் ஒரு காஸில் பத்து லட்சத்தில் சில பங்கு என்பதைக் கணிக்க இந்தத் திருப்பமும் ஒரு வழி. அப்புறம், எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் அருகே 1 முதல் 30 காஸ் என்று 2021-ல் கணித்ததும் ஒளியதிரும் தளங்களைப் பார்த்துத்தான்.

மோதலில் பிறந்தது உடனே கருந்துளை ஆனதா, கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்ததா? மோதலுக்குப் பிந்தைய ஈர்ப்பு அலை கிடைத்தால் தெரிந்துவிடும். அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒலிப்பது. லைகோவுக்கு அங்கே காது மந்தம். ஐன்ஸ்டீன் டெலஸ்கோப், காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் ஆகிய புதிய ஈர்ப்பு அலைக் கருவித் திட்டங்கள் அந்தக் குறையையும் தீர்க்கத்தான். 2019 ஏப்ரலில் இன்னொரு மோதலின் அலை வந்தது. முக்கியமாக ஒரே கருவியில்தான் பதிவானது என்பதால், வானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தேட வேண்டியிருந்தது. உறுதியான ஒளி எதுவும் அகப்படவில்லை.