குங்குமம் கறுக்கும் ஃபிலிம்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும், கழுத்தில் கேமராவோடு பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஃபிலிம் என்றதும் "அந்தக் காலத்தில்..." என்று பெருமூச்சு விட நான் வரவில்லை. பெருமூச்சு விட்டே ஆக வேண்டுமென்றால், ஊட்டியில் மூடிக் கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலைக்காக விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. எந்த ஃபிலிமும் கண்டதைக் கண்டபடி காட்டாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ரோல் ரோலாக மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் கரையும்.

இதோ, ரயில் நிலையத்தை ஒட்டிய பூக்கடைகளுக்கே போவோம். ஒரே கடையை ஒரே வெயிலில் இருவகைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தேன். ஒன்று எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக். இல்ஃபோர்டு எச்பி5 அந்த வகை. மற்றொன்று அதே நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ். இதற்குச் சிவப்பு தெரியாது. மல்லிகை இரண்டிலும் வெள்ளைதான். கனகாம்பரமோ முதலாவதில் இளஞ்சாம்பல், இரண்டாவதில் கிட்டத்தட்டக் கரி. சரத்தில் மல்லிகைகளுக்கு நடுவே ஓட்டை விழுந்தது போல இருந்தது. கடைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் வெளுத்துப்போயிற்று. பிரிண்டைப் பார்த்த பூக்கார அம்மாள் கேட்டார்: "ஏன் சார், என் நெற்றியில் குங்குமம் அல்லவா வைத்திருந்தேன்? இதில் மை வைத்தது போல் இருக்கிறதே?" முகமும் ஒரு படி கூடுதலாகக் கறுத்திருந்தது. அதையும் அவர் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை.

தாதாசாகேப் பால்கே 1913இல் இந்த நகரத்தில் தம் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தைத் திரையிட்டபோது, சிவப்பை உணரும் ஃபிலிம் பொதுப் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அக்காலப் படங்களில் உதடுகள் ஏன் அப்படி இருண்டு கிடக்கின்றன என்பது இப்போது விளங்கும். இருட்டறைச் சிவப்பு விளக்கிலேயே ஆர்த்தோவைக் கழுவலாம் என்பது ஒரு வசதி. படம் மெல்லத் தோன்றுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வண்ணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கோடாக் நிறுவனத்தின் புகழ்பெற்ற வண்ண ஃபிலிமான கோடாக்குரோமின் தயாரிப்பு 2009இல் நின்றது. கடைசியாக வந்த சுருளைப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள்; அதில் சில படங்களை அவர் இந்த மும்பையில்தான் எடுத்தார். அந்த ஃபிலிமில் சாயமே கிடையாது. கழுவும்போதுதான் சாயம் ஏறும். அப்படிக் கழுவிய கடைசி லேபும் 2010 முடிவில் அந்தப் பணியை நிறுத்திவிட்டது. வீட்டுப் பரணில் பழைய சுருள் அகப்பட்டால் இனி கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும்.

வீட்டில் கழுவுபவர்களுக்கு: படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு 20 டிகிரி என்று புத்தகத்தில் இருக்கும். மே மாதத்தில் நம் குழாய் அதைக் கேட்டால் சிரிக்கும். பனிக்கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், நீர்த்துவிடும். பாட்டிலைச் சுற்றி வையுங்கள். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரும் அலசும் நீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். திடீரென்று சூடு மாறினால் ஜெலட்டின் சுருங்கிப் படம் முழுக்க வலை பின்னிவிடும்.

இளைஞர்கள் இப்போது சினிமா ஃபிலிமை வெட்டி கேமராவில் போட்டு, இரவு விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் வருகிறதென்று குதூகலிக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. அந்த ஃபிலிமின் முதுகில் நெடுங்காலமாக ஒரு கரிப்படலம் இருந்துவந்தது. அதை முன்பே நீக்கி விற்கும் சுருள்களில், ஃபிலிமை ஊடுருவிய ஒளி பின்னாலிருந்து திரும்பிவந்து, அடியிலிருக்கும் சிவப்பு உணரும் அடுக்கைத் தொடுகிறது. வளையத்தின் ரகசியம் அவ்வளவே. ஆனால் கரி நீக்காத சுருளை வாயைத் திறக்காமல் தெருமுனை லேபில் கொடுத்துவிடாதீர்கள். கரி இயந்திரத்தில் கரைந்து, உங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையில் இருப்பவர்களின் கல்யாணப் படங்களிலும் ஒட்டிக்கொள்ளும்.