மூன்று படிப்புகளுக்கு மூன்று கடிதங்கள் வேண்டுமா?

அடுத்த கேள்வியை ஒரு கட்டடப் பொறியாளர் அனுப்பியிருக்கிறார். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் சில ஆண்டுகளாகப் பணிபுரியும் அவர், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. (DAAD), வளரும் நாடுகளைச் சேர்ந்த பணி அனுபவமுள்ள பட்டதாரிகளுக்கு வழங்கும் இபோஸ் (EPOS) உதவித்தொகைக்காக மூன்று முதுநிலைப் படிப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மூன்றுக்கும் தனித்தனியே நோக்கக் கடிதம் எழுத வேண்டுமா, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் மட்டும் போதுமா என்று கேட்கிறார்.

நோக்கக் கடிதம் ஒன்றுதான். அதிகபட்சம் இரண்டு பக்கங்களுக்குள், அந்தப் படிப்புகளை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதோடு, ஏன் அந்த வரிசையில் முன்னுரிமை கொடுத்தீர்கள் என்பதையும் அதிலேயே விளக்க வேண்டும். பலர் இந்த வரிசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. நீர்வள மேலாண்மையை முதலிலும் நகரத் திட்டமிடலை இரண்டாவதாகவும் வைத்திருந்தால், தேர்வுக் குழு காரணத்தை ஊகித்துக்கொள்ளாது. "சிறு வயதிலிருந்தே தண்ணீர்ப் பிரச்சினையில் எனக்கு ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் பணிபுரியும் திட்டத்தில் கடைக்கோடி ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீர் ஏறாமல் போகிறதென்றால், அதற்கான காரணத்தையும், அதைத் தீர்க்க உங்களுக்கு எந்தப் பாடம் தேவைப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். பணி அனுபவம் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்று இத்திட்டம் கேட்பதே, படித்ததைத் திரும்பி வந்து பயன்படுத்துபவர்களைத் தேடுவதால்தான்.

அதனால், பேராசிரியரின் கடிதம் மட்டும் போதாது. நீங்கள் பணிபுரியும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையொப்பமும் முத்திரையும் அண்மைத் தேதியும் கொண்ட பரிந்துரைக் கடிதம் வேண்டும். திரும்பி வந்ததும் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்வோம் என்று நிறுவனம் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. மேலாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். யூரோபாஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது மாதிரி) வடிவிலான தன்விவரக் குறிப்பிலும் கையால் ஒப்பமிட வேண்டும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரிந்து வேறு மாதிரி இருக்கும். விண்ணப்பம், தன்விவரக் குறிப்பு, நிறுவனக் கடிதம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். சான்றிதழிலுள்ள வேறுபாட்டுக்கு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் செல்வதால், கடைசித் தேதியும் படிப்புக்குப் படிப்பு மாறும். மூன்றில் எது முந்தியோ, அதை வைத்து மேலாளரிடம் கடிதம் கேளுங்கள்.