குடியை நிறுத்த மாத்திரைய தெரியாம கலந்து குடுக்கலாமா? – நேயர் கேள்விக்கு டாக்டர் பதில்

அடுத்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க, "வீட்டுக்காரர் தெனமும் குடிக்கிறார், ஆஸ்பத்திரிக்கு கூப்ட்டா வரமாட்றார், சாம்பார்ல கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமே, குடுக்கலாமா"ன்னு.

வேணாம்மா. நீங்க சொல்றது பெரும்பாலும் டைசல்ஃபிராம். உள்ள போற சரக்க நம்ம ஈரல் உடைக்கும்போது நடுவுல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு விஷம் உண்டாகும், சாதாரணமா அது சீக்கிரம் கரைஞ்சிடும், இந்த மாத்திரை அத கரைய விடாது, அதனால குடிச்ச கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் எறங்கி, சில பேருக்கு உயிரே போயிடும். மாத்திரைய நிறுத்தி 2 வாரம் வரைக்கும்கூட இப்படி ஆகலாம். குடிச்சா இப்படி ஆகும்னு தெரிஞ்சு சம்மதிக்கிறவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம், அந்த பயம்தான் பாதி மருந்தே, தெரியாம சாப்பிடுற மனுஷனுக்கு என்ன பயம் இருக்கும் சொல்லுங்க?

சரி, ரூம்ல போட்டு பூட்டிடலாமான்னா அதுவும் கூடாது. காலைல காபி டம்ளர ரெண்டு கையால புடிச்சும் தளும்புதுன்னா உடம்பு சரக்குக்கு பழகிடுச்சுன்னு அர்த்தம். திடீர்னு நிறுத்துனா மொத ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், மூணாம் நாள் வாக்குல ஆளே கொழம்பி, இல்லாத எறும்ப படுக்கைல தட்டிக்கிட்டு இருப்பாங்க. கார்த்திகைல கழுத்துல மாலையோட ஃபிட்ஸ் வந்து அட்மிட் ஆனவங்கள நானே பாத்திருக்கேன். வீட்ல என்னடான்னா "சாமிக்கு நிறுத்த தெரியுது, எங்களுக்காக நிறுத்த மாட்றான்"னு அழுவாங்க, அது அப்படி இல்லம்மா, மாலை போட்டா ஊரே சாமின்னு கூப்பிடுது, கூட்டாளி யாரும் வா மச்சான்னு இழுக்குறதில்ல, மாலைய கழட்டுனா பழைய கூட்டாளி, பழைய சாயங்காலம், மூளை அத மறந்திருக்காது. அதனால டாக்டர்ட்ட போய் நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் பி1 ஊசியோட பாதுகாப்பா நிறுத்தணும், அப்பறமும் மாசக்கணக்குல வந்து போகணும். நடுவுல ஒரு நாள் குடிச்சுட்டா எல்லாம் வீண்னு நெனைக்காதீங்க, சுகர் ஏறுனா திரும்ப பாக்குறோம்ல, அப்படித்தான்.

நீங்க செய்யவேண்டியது, ராத்திரி வாசல்ல நின்னு சண்டை வேணாம், காலைல தெளிவா இருக்கும்போது பேசுங்க, "குடிகாரா"ன்னு ஆரம்பிக்காம "நேத்து புள்ள பயந்துடுச்சுங்க"ன்னு நடந்தத சொல்லுங்க. அவர் கடன நீங்க அடைக்காதீங்க, வேலைக்கு போகாத அன்னிக்கு ஜொரம்னு போன் பண்ணாதீங்க. அவர் வரலைன்னா பரவால்ல, மொத தடவ நீங்க மட்டும் போங்க, நாங்க பாப்போம். குடிய விட உதவுற ஹெல்ப்லைன் 14446க்கு அடிச்சீங்கன்னா இலவசமா பேசலாம். கை ஓங்குறார்னா மட்டும் இதெல்லாம் அப்பறம், புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு போயிடுங்க, பெண்கள் ஹெல்ப்லைன் 181க்கு போன் பண்ணுங்க.